இரண்டு விலை லேப்டாப்

இலவசமாக ஒரு கம்ப்யூட்டர். மாதத் தவணை கிடையாது. இன்டர்நெட் இணைப்பும் சேர்த்தே தருகிறோம். வேணுமா?

1999 பிப்ரவரியில் அமெரிக்காவில் இப்படிக் கூவியவர் பில் கிராஸ் என்கிற தொழிலதிபர். கம்பெனியின் பெயரே ஃப்ரீ-பிசி. முதல் கட்டமாக 10,000 காம்பேக் கம்ப்யூட்டர்கள். விண்ணப்பித்தவர்களோ லட்சக்கணக்கில்!

சும்மா கொடுப்பாரா மனுஷர்? கையோடு ஒரு கேள்வித்தாளை நீட்டினார். வயசு என்ன, வருமானம் என்ன, எதிலெல்லாம் ஆர்வம்? திரையின் ஓரத்தில் எப்போதும் விளம்பரம் இருக்கும். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதைக் கம்பெனி பார்த்துக்கொண்டே இருக்கும். சம்மதமா? அப்படியானால் எடுத்துக்கொண்டு போங்கள்.

அந்த வருஷக் கடைசியிலேயே ஃப்ரீ-பிசி, மலிவு கம்ப்யூட்டர் விற்ற இ-மெஷின்ஸ் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. கடைதான் மூடியது. யோசனை சாகவில்லை.

2004 ஏப்ரல் 1. கூகுள் ஜிமெயிலை அறிவித்தது. ஹாட்மெயில் 2 எம்பி இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் 1 ஜிபி என்றார்கள். ஏப்ரல் ஃபூல் ஜோக் என்றே பலர் நினைத்தார்கள். ஜோக் இல்லை. உங்கள் கடிதத்தை ஒரு மெஷின் படிக்கும். அதற்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்தில் வைக்கும். அவ்வளவுதான் விலை. விளம்பரத்துக்காகக் கடிதம் படிப்பதை நிறுத்தப்போவதாக கூகுள் அறிவிக்க 2017 வரை ஆனது.

2011ல் அதே கூகுளின் மென்பொருளோடு குரோம்புக் லேப்டாப்புகள் வந்தன. மறு வருஷமே சாம்சங் 249 டாலருக்கு ஒன்றைக் கொடுத்தது. விண்டோஸுக்குக் காசு வேண்டாம், பெரிய ஹார்டு டிஸ்க் வேண்டாம். எல்லாம் இன்டர்நெட்டில், அதாவது கூகுளின் வீட்டில் இருக்கும். கணக்கு இல்லாமல் விருந்தாளியாக எட்டிப் பார்க்கலாம். குடித்தனம் நடத்த கூகுள் கணக்கு வேண்டும். கையில் காசில்லாத பள்ளிக்கூடங்கள் விழுந்தடித்துக்கொண்டு வாங்கின.

இப்போது டென்மார்க்குக்கு வாருங்கள். ஊர், ஹெல்சிங்கோர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் கதை நடக்கிற கோட்டை இங்கேதான் இருக்கிறது. அந்த நாடகத்தில் ஒருவர் திரைக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்பாரே, ஞாபகமிருக்கிறதா? பொருத்தமான ஊர்தான்!

இங்கே ஒரு அப்பா, தன் பிள்ளையின் பெயர் யூடியூபில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பதைக் கண்டு அதிர்ந்தார். பள்ளி கொடுத்த குரோம்புக். பள்ளியே திறந்துவிட்ட கூகுள் கணக்கு. வீட்டில் யாரையும் கேட்கவில்லை. அவர் புகார் கொடுத்தார்.

ஒற்றை மனிதரின் புகார் என்று யாரும் குப்பையில் போடவில்லை. 2022 ஜூலையில் டென்மார்க்கின் தகவல் பாதுகாப்பு ஆணையம் அந்த ஊர்ப் பள்ளிகளில் குரோம்புக்கையும் கூகுளின் கல்விச் சேவைகளையும் பயன்படுத்தத் தடை போட்டது. உடனே தவித்தது யார் தெரியுமா? பள்ளிக்கூடங்கள்தான். பாடம், வீட்டுப்பாடம் எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது! செப்டம்பரில் தடையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. 2024 ஜனவரியில் ஆணையம் மறுபடி பேசியது. இந்தமுறை 53 நகராட்சிகளுக்கு உத்தரவு. பிள்ளைகளின் தகவலைப் பாடம் நடத்தப் பயன்படுத்தலாம்; கூகுள் தன் சொந்தச் சரக்கை மெருகேற்றிக்கொள்வதற்காகக் கொடுக்க சட்டத்தில் இடமில்லை.

யோசித்துப் பாருங்கள். பில் கிராஸ் விலையை முகத்துக்கு நேராகச் சொன்னார். பிடித்தவர்கள் வாங்கினார்கள், பிடிக்காதவர்கள் போய்விட்டார்கள். ஹெல்சிங்கோரில் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தது நகராட்சி, லாபம் பார்த்தது கம்பெனி. தன் பெயரைக் கொடுத்து இரண்டாவது விலையைக் கட்டியது, கையெழுத்துப் போடக்கூட வயசு வராத ஒரு பிள்ளை.

மலிவாக லேப்டாப் வாங்குவதில் தப்பே இல்லை. அட்டைப்பெட்டியில் ஒட்டியிருப்பது முதல் விலை மட்டும்தான். அடுத்ததையும் கடைக்காரரிடம் கேட்டுவையுங்கள்.