புல்லட்டும் ‘மூலம்’ என்கிற கட்டுக்கதையும்

1

தொழிற்சாலைகளுக்கு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. யார் முதல் போட்டார்கள், எந்த வருஷம் திறந்தார்கள், எத்தனை வண்டி வெளியே வந்தது என்பதெல்லாம் ஏதாவது ஒரு ஆவணத்தில் இருக்கும். வெளியே வந்த வண்டி அடுத்த ஐம்பது வருஷம் யார் கையால் ஓடியது என்பதற்கு வரலாறு கிடையாது. உற்பத்திக்கு உண்டு, பழுதுபார்ப்புக்கு இல்லை. பட்டறைக் கரியிலும் ஆயிலிலும் நடப்பது வரலாற்றுக்கு வெளியே நடப்பதாகவே நாமும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

இதை நான் புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தில் இரண்டு வருஷமாக ஒரு புல்லட் பிரிந்து கிடந்தது. 1971ஆம் வருஷத்து 350. அப்பாவுடையது. அவர் போன பிறகு சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்த வண்டியைத் திரும்ப ஓட வைக்கலாம் என்று ஸ்பேனரை எடுத்தபோதுதான் கேள்வி தட்டுப்பட்டது: திரும்ப என்றால் எதற்குத் திரும்ப? எந்த வருஷத்து வண்டியாக?

பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் மத்தியில் ‘ஒரிஜினல்’ என்கிற சொல்லுக்கு ஏறக்குறைய மூலவருக்கு உள்ள மரியாதை. டேங்க் ஒரிஜினலா, கார்புரேட்டர் ஒரிஜினலா என்றுதான் முதலில் கேட்பார்கள். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அந்த நிமிஷத்து நிலைதான் உண்மை. அதற்குப் பிறகு வண்டிக்கு நேர்ந்ததெல்லாம் அழுக்கு, கழிக்க வேண்டியது. கோயில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டுகளை மழுங்கடித்த கதை நமக்குத் தெரியும். அங்கே நடந்ததும் சுத்தம் செய்வதுதான்.

2

இந்த ‘மூலம்’ எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊர் ஊசி செய்வதற்குப் பேர்போனது. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்கூடம் சைக்கிளுக்கு மாறியது. 1890களில் என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில்தான் ‘ராயல் என்ஃபீல்டு’ என்ற பெயர். துப்பாக்கி போலச் செய்தது என்பதே விளம்பர வாசகம். 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாக்களின் பேரில் சிப்பாய்கள் எதிர்த்து நின்ற என்ஃபீல்டு துப்பாக்கியின் பெயரும் அதே ஆலையிலிருந்து வந்ததுதான். 1932இல் அந்தக் கம்பெனி ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ‘புல்லட்’ என்று பெயர் வைத்தது. துப்பாக்கியிலிருந்து தோட்டா வந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களின் தொடக்கத்தில், இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக வண்டிகள் கப்பலில் வந்து இறங்கின. 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வை ஏற்படுத்தின. 1956இல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வரும், இங்கே பூட்டுவார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் பூட்டி முடித்தவை 163 வண்டிகள். போகப்போகப் பாகங்களையும் இங்கேயே வார்க்கவும் கடையவும் ஆரம்பித்தார்கள்.

பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். 1970இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூர் மூடவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. 1994இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்த பிறகு ‘என்ஃபீல்டு இந்தியா’ மறுபடி ‘ராயல்’ ஆயிற்று. மறுஉற்பத்தியில் கலைப்படைப்பின் ஒளிவட்டம் மங்கிப்போகிறது என்று வால்டர் பெஞ்சமின் 1936இல் வாதிட்டார். புல்லட் விஷயத்தில் அது தலைகீழ். மூலம் செத்துப்போய், நகலுக்கு ஒளிவட்டம் வந்துவிட்டது. எங்கள் வண்டி 1971. மூலம் கண்மூடி ஒரு வருஷம் கழித்துப் பிறந்த நகல். அதற்கு ‘ஒரிஜினல்’ எது?

3

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசியாகச் சேர்ந்து டர்னராக ஓய்வு பெற்றவர். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ஒர்க்‌ஷாப் அது. 1946 செப்டம்பர் 5 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்த இடம். இயந்திரத்தைப் பற்றிய அறிவும் அதிகாரத்தைப் பற்றிய அறிவும் எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன. 1983இல் ராணுவம் கழித்துக் கட்டி ஏலம் விட்ட வண்டியை யாரோ எடுத்து, அவரிடமிருந்து அப்பா வாங்கினார். கூட்டுறவு சொசைட்டிக் கடன்.

எனக்குத் துணை, பாலக்கரையில் முன்பு பட்டறை வைத்திருந்த மெக்கானிக். எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண் சரியில்லாமல் பட்டறையை விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, சாமானைக் கையில் வாங்கித் தடவித் தடவிச் சொல்வார். எஞ்சினை இறக்கிப் பிஸ்டனைக் கழற்றியபோது விரலால் அதன் தலையைத் துடைத்தார். ‘40’ என்று பொறித்திருந்தது.

“நாப்பதுல இருக்கு தம்பி. ரெண்டு தடவ போரிங் ஆயிருக்கு. ரெண்டும் நான் செஞ்சு குடுத்ததுதான்.”

ஓடி ஓடிச் சிலிண்டர் உள்பக்கம் தேயும். லேத்தில் கொடுத்து அதைச் சற்றே அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் போரிங். 40 என்றால் ஆயிரத்தில் நாற்பது அங்குலம், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். தொழிற்சாலைக் கணக்கில் புல்லட் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. கொள்ளளவு 346 சி.சி. விட்டம் 71 ஆனால் அது சுமார் 356. ஆர்.சி. புத்தகத்தில் இன்றைக்கும் 346தான். அந்தப் பத்து சி.சி. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பத்து சி.சி. தேய்மானமும் அதைச் சரிக்கட்டிய உழைப்பும் சேர்ந்து உண்டாக்கிய இடம் அது. ஒரு வரலாற்றை வெர்னியர் வைத்து அளக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்படி ஒவ்வொன்றாக வந்தது. ஸ்விங் ஆர்ம் புஷ் கம்பெனி சாமான் இல்லை. தெரு லேத்தில் அப்பாவே வெண்கலத்தில் கடைந்தது. பாயின்ட் செட் பண்ணக் கருவி கிடையாது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற மெல்லிய தாளைப் பாயின்ட்டுக்கு நடுவில் வைத்து, அது பிடி தளர்ந்து நழுவுகிற கணத்தில் நிறுத்து என்பார் பாய். அது எந்தக் கம்பெனிப் புத்தகத்திலிருந்தும் வந்த அறிவு இல்லை. கையிலிருந்து கைக்கு வந்தது. எமரித் தாள் போட்டு டேங்கைத் தேய்த்தால் கறுப்பு, அதற்குக் கீழே மெரூன், அதற்கும் கீழே ராணுவப் பச்சை. ஆக ‘ஒரிஜினல்’ என்று இந்த வண்டியில் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது ராணுவப் பச்சைதான். அதற்குத் திரும்புவது என்றால் அப்பாவின் இருபத்தைந்து வருஷக் கறுப்பை உரித்துவிட்டு, அரசாங்கத்தின் பன்னிரண்டு வருஷத்துக்குத் திரும்புவது.

4

சைலன்சரும் பெட்ரோல் டேங்கும் முடிந்து ஹேண்டில்பாருக்கு வந்தோம். புல்லட்டில் இடது கைப்பக்கம் ஒரு சின்ன லீவர் உண்டு, டீகம்ப்ரஷர். அதை அழுத்தினால் சிலிண்டர் தலையில் இருக்கிற சிறு வால்வு திறந்து உள்ளழுத்தம் புஸ்ஸென்று வெளியேறும். கிக்கரை மிதிக்கச் சுலபமாக இருக்கும். ஓடுகிற எஞ்சினை நிறுத்தவும் அதுதான். எங்கள் வண்டியில் அந்த லீவர் விரல் படுகிற இடத்தில் பாதியாகத் தேய்ந்திருந்தது. பாய் அதைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார்.

“டீகம்ப்ரஷர் லீவரு இப்பிடித் தேஞ்சு நான் பாத்ததே இல்ல தம்பி. கேபிளே எத்தன மாத்தியிருப்பேன்! அப்பா எங்க போயி இத்தன தடவ அணைச்சாரு?”

எனக்குத் தெரிந்த பதில், பெட்ரோல் மிச்சம். காவிரிக்கு வடகரையில் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை அப்பாயியைப் பார்க்கப் போவோம். ஊருக்குள் நுழைகிற முக்கில் அப்பா எஞ்சினை அணைப்பார். நான் டேங்க் மேல் உட்கார்ந்திருப்பேன். ஊர்த் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்து, எங்கள் தெரு தொடங்கியதும் மறுபடி கிக்கரை மிதிப்பார். பெட்ரோல் மிச்சம் பண்றேண்டா என்றார் ஒருமுறை. நம்பினேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். “ஊர்த் தெருவுல அவரு ஓட்டிக்கிட்டுப் போனா விட்ருவாங்களா? எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். மொத தடவ ஓட்டிக்கிட்டுப் போயித்தான் சாவியப் புடுங்கி வச்சிக்கிட்டாங்க. ராத்திரி பத்து மணிக்குத்தான் குடுத்தாங்க.”

“எங்கிட்டப் பெட்ரோல் மிச்சம்னுதானே சொன்னாரு?”

“புள்ளகிட்ட வேற என்னத்தச் சொல்றது?”

நூற்று அறுபது கிலோவுக்கு மேல் கனமுள்ள வண்டி அது. நாலாயிரம் பேர் நுழைந்த ஒர்க்‌ஷாப்பில் சங்கக் கொடி பிடித்த ஆள், வாரா வாரம் அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பழைய புல்லட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் சத்தத்தைக் கொண்டாடுகிறார்கள். கம்பெனியும் அந்தச் சத்தத்தைத்தான் விற்கிறது. அந்தச் சத்தத்தை எந்தத் தெருவில் யார் எழுப்பலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. அதற்குக் கீழ்ப்படிந்ததற்கான ஒரே ஆவணம் தேய்ந்துபோன இந்த லீவர். புதுப்பிக்கிற ஒழுங்குப்படி பார்த்தால் முதலில் தூக்கிப்போட வேண்டிய சாமான்.

இருந்தது என்று இறந்த காலத்தில் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளில் அரிவாள் வெட்டு விழுந்தது. எங்கள் முன்னால் புல்லட் ஓட்டுவதா என்று கேட்டே வெட்டினார்கள் என்பது புகார். மூன்று பேர் கைதானார்கள். வெட்டு கைகளில் விழுந்தது என்பதை நான் கவனிக்காமல் இருக்க முடியாது. வண்டியைப் பிடிப்பது கை.

5

நடுவில் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். நல்ல விலை சொன்னார். ராணுவப் பச்சை அடித்து, ஒரிஜினல் சாமான் தேடிப் போட்டுக் கொடுத்தால் இன்னும் கூடக் கிடைக்கும் என்றார். பின்சக்கரத்துப் பக்கம் கையைக் காட்டி, “மொதல்ல இந்தச் சேலை கார்டக் கழட்டுங்க சார், அசிங்கமா இருக்கு” என்றார். அம்மாவுக்காக 1983இல் வெல்டிங் வைத்துப் போட்டது அது. ரெட்டிச்சின் வரைபடத்தில் சேலை கட்டிய பெண் கிடையாது. பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியை மறைக்க வேண்டும் என்று 1989 மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ‘ஒரிஜினல்’ தேடுகிறவர்களுக்கு அது மட்டும் கண்ணை உறுத்துகிறது.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். நிபந்தனைகள் இரண்டு. வண்டி மூல வடிவத்திலேயே, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று சில காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். மாறாமல் இரு, ஓடாமல் இரு, அப்போது உன்னைப் பாரம்பரியம் என்று அழைக்கிறேன் என்கிறது அரசு. வண்டியோடு மட்டும் அது இப்படிப் பேசுவதில்லை.

பாயின் இரண்டு போரிங்கும், அப்பாவின் வெண்கலப் புஷ்ஷும், அம்மாவின் சேலை கார்டும் இந்தச் சொல்லாடலுக்குள் ‘சேதாரம்’ என்றுதான் கணக்காகும். எனக்கு அவைதான் வண்டி. இப்படிச் சொல்கிறபோது ஒரு நண்பர் கேட்டார்: கம்பெனி வண்டி என்கிற மூலத்தை மறுத்துவிட்டு, அப்பாவின் வண்டி என்று இன்னொரு மூலத்தை நீ ஏற்படுத்தவில்லையா? நியாயமான கேள்வி. அப்பாவின் காலத்தை அப்படியே உறைய வைத்தால் அதுவும் கண்காட்சிதான். அவர் தள்ளிக்கொண்டு போனதற்கும் சேர்த்து மாலை போட்டதாகும். ஆகவே தேய்ந்த பேரிங்குகளை மாற்றினேன். ரிங்கு போதாமல் அடுத்த போரிங்கும் போனோம். இப்போது பிஸ்டன் தலையில் ‘60’. இதற்கு மேல் ஸ்லீவ்தான் என்கிறார் பாய். வயரிங் முழுக்கப் புதிது. கறுப்பு அடித்திருக்கிறேன்; டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மட்டும் ராணுவப் பச்சையை அப்படியே விட்டிருக்கிறேன், இதுவும் நடந்தது என்று தெரிவதற்காக. லீவரை மாற்றவில்லை. அது இன்னும் வேலை செய்கிறது.

தொன்மை வாகனமாகப் பதியவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எல்லாப் பழைய வண்டியையும் போலக் காட்டிப் புதுப்பித்துக்கொள்கிற சாதாரணப் பதிவுதான். அப்போதுதான் ஓட்டலாம்.

போன வாரம் ஏழாவது உதையில் எஞ்சின் பிடித்தது. பாய் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று கேட்டார். “டேப்பட்டு கொஞ்சம் சத்தம் போடுது, பரவாயில்ல, போகப் போகச் சரியாயிடும்” என்றார். வர்ற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும், வேறு பாதை இப்போதும் கிடையாது. அணைக்கப் போவதில்லை. அம்மா தானும் வருகிறேன் என்கிறாள். நான் யோசித்தேன். “என்னடா யோசிக்கிற, சேலை கார்டு இருக்குல்ல?” என்றாள்.