துவக்குப் பழக்கும் வாத்தியார்

எங்கட வீட்டில் "பயிற்சி" என்ற சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான். "அவர் பயிற்சி எடுத்தவர்" என்று அம்மம்மா யாரையாவது பற்றிச் சொன்னால் அது தையல் பயிற்சியும் இல்லை, கொம்பியூட்டர் பயிற்சியும் இல்லை. குரல் இறங்கிவிடும். கதை அதோட நிற்கும்.

அதனால்தான் டெக்ஸாஸில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா 2018இல் ஒருநாள் போனில், "சனிக்கிழமை துவக்குப் பயிற்சிக்குப் போனனான், பின்னேரம் வீட்ட வந்திட்டன்" என்று சாதாரணமாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியும் இருந்தது. பயிற்சிக்குப் போய்ப் பின்னேரமே வீட்டுக்கு வாறதா? நான் அப்போது ஓ.எல். படித்துக்கொண்டிருந்தேன். அண்ணாவை விட அவருக்குப் படிப்பித்த வாத்தியாரில்தான் எனக்கு ஆர்வம். இராணுவமும் இல்லை, பொலிசும் இல்லை. ஒரு சான்றிதழ் வைத்திருக்கும் பொதுமகன். இப்படி ஒரு தொழில் எங்கிருந்து வந்தது?

கம்பஸுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். கதை 1871இல் நியூயோர்க்கில் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு வருடம். வென்ற வடக்குப் பக்கத்து அதிகாரிகளுக்கே ஒரு வெட்கம் இருந்தது: தங்கட படையில் கனபேருக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லை. வில்லியம் சேர்ச் என்ற பத்திரிகை ஆசிரியரும் ஜோர்ஜ் விங்கேட் என்ற அதிகாரியும் சேர்ந்து தேசிய றைபிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கு உலகமே அறிந்த அதே என்.ஆர்.ஏ.தான். விங்கேட் ஒரு பயிற்சிக் கையேடு எழுதினார். லோங் ஐலண்டில் கிறீட்மூர் என்ற இடத்தில், நியூயோர்க் மாநில அரசின் பணத்தோடு, சுடும் மைதானம் ஒன்று வந்தது. 1873இல் அங்கே போட்டிகள் தொடங்கின.

ஆக, முதல் வாத்தியார் பழக்கியது அரசுக்காக. எதிரி என்றால் இன்னொரு நாட்டுப் படைவீரன். பிறகு அது மெல்ல மெல்ல விளையாட்டாகவும் வேட்டையாகவும் மாறியது. 1949இல் வேட்டைக்காரர்களுக்கான பாதுகாப்பு வகுப்பு, 1960இல் பொலிஸ் பயிற்றுநர்களுக்கான திட்டம் என்று சங்கம் வளர்ந்தது. இந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு விசயத்தைத் தவிர.

வட கரோலைனாவில் மன்றோ என்ற சின்ன ஊர். றொபேர்ட் எஃப். வில்லியம்ஸ் என்ற கறுப்பின மனிதர், மரீன் படையில் இருந்துவிட்டு வந்தவர், தன் ஊர்க் கறுப்பின ஆக்களைச் சேர்த்து அதே என்.ஆர்.ஏ.யின் கிளைக் கழகம் ஒன்றைப் பதிந்தார். ஆக்களுக்குச் சுடப் பழக்கினார். 1957 ஒக்ரோபரில் கூ கிளக்ஸ் கிளான் கும்பல் வாகனங்களில் வந்து அல்பேட் பெரி என்ற வைத்தியரின் வீட்டைத் தாக்கியபோது, மணல்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து இவர்கள் திருப்பிச் சுட்டார்கள். கும்பல் ஓடியது. "தற்காப்புத் துவக்குப் பயிற்சி" என்று இன்றைக்கு விளம்பரம் போட்டு நடத்துவதை, விளம்பரம் இல்லாமல், உயிர்ப்பயத்தில் செய்தவர்கள் இவர்கள். அந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்லுற ஆக்கள் வில்லியம்ஸின் பெயரை முதல் பக்கத்தில் போடுறேல்ல. எனக்கு அது சும்மா மறதி மாதிரித் தெரியவில்லை.

முதல் பக்கத்தில் வருபவர் ஜெஃப் கூப்பர். இவரும் மரீன் அதிகாரிதான். 1976இல் அரிசோனாவில் போல்டன் என்ற இடத்தில் பிஸ்டல் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். காசு கட்டினால் சாதாரண ஆக்களும் படிக்கலாம். இன்றைக்கு எந்த வகுப்பிலும் முதலில் சொல்லித்தரும் நாலு விதிகள் இவர் ஒழுங்குபடுத்தியவை: எந்தத் துவக்கையும் ரவை போட்டதாகவே நினை, அழிக்க விரும்பாத எதையும் நோக்கி வாயைத் திருப்பாதே, குறி வைக்கும் வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கு என்ன, அதற்குப் பின்னால் என்ன என்று தெரிந்துகொள். நல்ல விதிகள்தான். ஆனால் அவர் நிறங்களில் ஒரு மனநிலைக் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். வெள்ளை என்றால் கவனமில்லாமல் இருப்பது, மஞ்சள் என்றால் எப்போதும் விழிப்பு, பிறகு செம்மஞ்சள், சிவப்பு. கடைக்குப் பாண் வாங்கப் போகும்போதும் மஞ்சளில் இருக்க வேண்டும். எங்கட அம்மாமார் சோதனைச்சாவடிக் காலத்தில் இதை ஒரு கல்லூரியும் போகாமல் பழகினவை. அதிலிருந்து வெளியில வர எத்தனை வருடம் எடுத்தது என்றும் எங்களுக்குத் தெரியும்.

1977இல் சின்சினாட்டி மாநாட்டில் என்.ஆர்.ஏ. உறுப்பினர்கள் பழைய தலைமையைக் கவிழ்த்தார்கள். அரசியல்தான் இனி முதல் வேலை என்ற ஆக்கள் வந்தார்கள். ஆனாலும் வாத்தியார்மாருக்கு உண்மையான பிழைப்பைக் கொடுத்தது அந்த மாநாடு இல்லை, சட்டம். 1987இல் புளோரிடா, தகுதி உள்ள எவருக்கும் மறைத்துத் துவக்குக் கொண்டுதிரிய அனுமதி கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நிபந்தனை: வகுப்புக்குப் போன அத்தாட்சி வேண்டும். டெக்ஸாஸின் கதை இரத்தத்தில் தொடங்கியது. 1991இல் கில்லீன் நகரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் ஒருவன் 23 பேரைக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண் அங்கே தாயையும் தகப்பனையும் இழந்தார். அன்றைய சட்டத்துக்குப் பயந்து துவக்கைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். 1995இல் டெக்ஸாஸும் சட்டம் போட்டது. 10 முதல் 15 மணித்தியால வகுப்பு கட்டாயம்.

வகுப்பு கட்டாயமானால் வாத்தியாரும் வேண்டும்தானே. இரண்டு மூன்று நாள் பாடம், எழுத்துப் பரீட்சை, சுட்டுக்காட்டும் பரீட்சை, கையில் சான்றிதழ். ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், கடைக்காரர், இல்லத்தரசி என்று பல மாதிரியான ஆக்கள் வந்தார்கள். ஜெனிஃபர் கார்ல்சன் என்ற சமூகவியலாளர் மிச்சிகனில் ஆய்வு செய்யும்போது தானே என்.ஆர்.ஏ. பயிற்றுநர் சான்றிதழ் எடுத்தார். அந்த வகுப்புகள் சுடுவதை மட்டுமில்லை, நல்ல குடிமகன் யார் என்பதையும் பழக்குகின்றன என்பது 2015இல் வந்த அவருடைய புத்தகத்தின் வாதம். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். காக்கிறவன், காக்கப்படுகிறவள், ஆபத்தானவன் என்று ஆக்களைப் பிரித்துப் பார்க்கவும் அங்கேதான் பழகுகிறார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்குக் குழப்பம் வந்தது. டெக்ஸாஸ் சட்டம் அந்த வகுப்பில் என்னென்ன படிப்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது என்ற சட்டம். பிள்ளைகள் எடுக்காமல் துவக்கை எப்படிப் பூட்டி வைப்பது. வன்முறை இல்லாமல் சண்டையை எப்படித் தீர்ப்பது. கடைசி விசயத்தை இரண்டு தரம் வாசித்தேன். துவக்கு வாங்க வரும் ஒருவனிடம் "வாய்த்தர்க்கம் வந்தால் விட்டிட்டுப் போ" என்று சொல்லச் சட்டம் ஒரு ஆளை நியமித்திருந்தது. அந்த ஆள்தான் இந்த வாத்தியார்.

2013இல் டெக்ஸாஸ் வகுப்பை 4 முதல் 6 மணித்தியாலமாகக் குறைத்தது. 2021 செப்டெம்பரில் இருந்து அனுமதிப்பத்திரமே தேவையில்லை, விரும்பினால் எடுக்கலாம். 2024 அளவில் இப்படி 29 மாநிலங்கள். வாத்தியாரை உண்டாக்கிய சட்டமே அவரைத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. துவக்கு உரிமை வேண்டும் என்று கத்தின சங்கத்தின் சான்றிதழ்தான் அவர்களில் கனபேரின் கையில் இருந்தது என்பது இதில் இன்னொரு கூத்து.

போன மாதம் அண்ணாவோடு கதைத்தபோது அந்த வகுப்பில் என்ன நினைவிருக்கு என்று கேட்டேன்.

"சுட்டது 50 ரவை. அது மறந்துபோச்சு. மனுசன் பாதி நாள் சட்டம்தான் கதைச்சார். காரில ஆரும் ஹோன் அடிச்சுப் பேசினா கண்ணாடிய ஏத்திப்போட்டுப் போ எண்டார்."

"இப்பவும் வகுப்பு நடக்குதா?"

"தெரியேல்ல. என்னோட வேலை செய்யிற பெடியன் போன கிழமை ஒண்டு வாங்கினவன். ஒரு வகுப்புக்கும் போகேல்ல. காரிலதான் வச்சிருக்கிறான்."