பத்துத் தடவை: தனியாள் உடற்பயிற்சித் திட்டம் தோன்றியமை பற்றி ஒரு குறிப்பு

உடற்பயிற்சியின் வரலாறு எனக் கூறுமிடத்து மல்லரும் போர்வீரருமே முதலில் நினைவுக்கு வருவர். ஆயின், ஒருவர் தமது உடலின் ஆற்றலை அளந்தறிந்து, அதற்கேற்பத் தமக்கெனப் பயிற்சியொன்றை வகுத்துக்கொள்ளும் முறை மல்லர் கூடத்திலன்றி மருத்துவமனையிலேயே திட்டவட்டமான உருவைப் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பயிற்சிமுறைகள் பெரிதும் கூட்டத்துக்குரியனவாயிருந்தன. சுவீடனில் பேர் ஹென்றிக் லிங் என்பார் 1813இல் ஸ்ரொக்ஹோம் நகரில் நிறுவிய கழகத்தின் முறை பாடசாலைகளிலும் படைகளிலும் பரவிற்று. ஆசிரியர் ஆணையிட, வரிசையில் நிற்போர் யாவரும் ஒரே அசைவைச் செய்தனர். மெலிந்தவனுக்கும் வலியவனுக்கும் ஆணை ஒன்றே.

டென்மார்க்கைச் சேர்ந்த ஜே. பி. முல்லர் 1904இல் வெளியிட்ட ‘எனது முறை’ என்னும் நூல் பயிற்சியை வீட்டினுள் கொணர்ந்தது. நாளொன்றுக்கு 15 நிமிடம், 18 பயிற்சிகள், கருவி எதுவும் வேண்டியதில்லை. எழுதுமேசையில் நாளைக் கழிக்கும் நகரமாந்தருக்கு இது பெரிதும் உவப்பாயிற்று. எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் படிகளை முல்லர் கூறினாராயினும், அப்பதினெட்டும் அப்பதினைந்தும் எல்லோர்க்கும் பொதுவே.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் நிலைமை மாறிற்று. சிக்காகோ நகரில் இருந்த காடினர் படை மருத்துவமனையில் முழங்கால் காயமுற்ற வீரர் பலர் தொடைத்தசை மெலிந்து கிடந்தனர். குறைந்த நிறையைப் பன்முறை தூக்குவிப்பதே அக்கால வழக்கு. நலம்பெற நெடுங்காலஞ் சென்றது; கட்டில்களோ போதவில்லை. அங்கு பணியாற்றிய தோமஸ் டிலோர்ம் என்னும் இளம் மருத்துவர் சிறுவயதில் வாதக்காய்ச்சலால் நலிவுற்று, பின்னர் பளுதூக்கித் தம்மைத் தேற்றிக்கொண்டவர். அவர் நோயாளியின் பாதத்தில் இரும்புக் காலணியொன்றைப் பூட்டி, அதில் நிறைகளைச் சேர்த்தார். பத்துத் தடவை தூக்க இயன்று, பதினோராந் தடவை இயலாது போகும் நிறை எதுவோ, அதுவே அந்நோயாளியின் அளவு எனக் கொண்டார். வாரந்தோறும் அவ்வளவு மீளச் சோதிக்கப்பட்டது. வலிமை கூடக்கூட நிறையும் கூட்டப்பட்டது. 1945இல் அவர் இம்முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்.

சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் புதிய எண்ணமன்று. கன்றினை நாடோறுஞ் சுமந்து, அது காளையாகிய பின்னரும் சுமந்த மைலோவின் கதையைக் கிரேக்கர் அறிவர்; பளுதூக்குவோரும் அனுபவத்தால் அறிந்திருந்தனர். டிலோர்ம் செய்தது அதனை அளவுக்கு உட்படுத்தியமையே. அளவுகோலும் பிறிதொருவரிடமிருந்து பெறப்பட்டதன்று. இருவர் அருகருகே படுத்திருப்பினும் ஒருவருக்கு 10 இறாத்தலும் மற்றவருக்கு 30 இறாத்தலும் உரியனவாகலாம். இவ்விடமே இவ்வரலாற்றின் திருப்பம் என்பது எனது கருத்து.

தொடக்கத்தில் பத்துப் பத்தாக ஏழு முதல் பத்துச் சுற்றுகள்வரை செய்வித்த டிலோர்ம், வொற்கின்ஸ் என்பாருடன் இணைந்து 1948இல் அதனை மூன்றாகக் குறைத்தார். முதற்சுற்றில் அளவின் பாதி, அடுத்ததில் முக்கால், இறுதியில் முழு நிறை. பத்து என்னும் எண்ணில் மந்திரம் எதுவுமில்லை. தசை வளர்ச்சிக்கு எட்டும் உதவும், இருபதும் உதவும். இயலாமையின் எல்லையை அண்மித்தால் போதும் எனப் பிந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன.

எனது விடுதி நண்பர் ஒருவர் தமது அறைச் சுவரில் பயிற்சித்தாள் ஒன்றை ஒட்டிவைத்துள்ளார். ‘10 தடவை, 3 சுற்று’ என அதில் எழுதப்பட்டுள்ளது. சிக்காகோ மருத்துவமனையின் எண்கள் அத்துணைத் தூரம் வந்து சேர்ந்துள்ளன. நிறை எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டது என வினவினேன். மேல்வகுப்பு மாணவர் ஒருவரின் தாளைப் பார்த்து எழுதியதாகக் கூறினார். மூன்று வாரமாக அவருக்குத் தோள் நோவு.