பகலில் குரல் கொடுத்து நரியை வரவழைக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் புதருக்குள் பதுங்கியபடி, அடிபட்ட முயல் மாதிரி சத்தம் எழுப்பி பட்டப்பகலில் கொயோட் வேட்டையாடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. கொயோட் நம்ம ஊர் நரியின் நெருங்கிய உறவு. அதே வேலையை புதுப்பட்டினம், கல்பாக்கம் பக்கத்து சவுக்குத் தோப்பில் செய்தால் என்ன ஆகும்?

குரலுக்கு ஏன் வருகிறது?

இரண்டு காரணம். அடிபட்ட முயலின் அலறல் என்றால் சுலபமான இரை. இன்னொரு நரியின் ஊளை என்றால், தன் எல்லைக்குள் யாரோ வந்துட்டாங்க என்ற சந்தேகம். மனிதர் நடமாடும் இடங்களில் நரி பெரும்பாலும் பகலில் பதுங்கி, இருட்டிய பிறகே வெளியே வரும். குரல் அந்தப் பதுங்கலைக் கலைக்கிறது.

தமிழ்நாட்டுக்குப் புதுசா?

இல்லை. நரிக்குறவர்கள் நரி மாதிரியே ஊளையிட்டு அதை வலைக்கு வரவழைத்ததை எட்கர் தர்ஸ்டனின் 1909-ம் ஆண்டு நூல் பதிவு செய்திருக்கிறது. இன்று மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் வாழும் நரிக்குறவர்கள் பலருக்குப் பாசிமணி வியாபாரம்தான் பிழைப்பு. 2023 ஜனவரியில் இந்தச் சமூகம் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்வது மட்டும் வேட்டை அல்ல. பொறி வைப்பது, விரட்டுவது, இரைகாட்டி இழுப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். அதாவது, பிடிக்கும் நோக்கத்தோடு போய் வெறுங்கையோடு திரும்பினாலும் வழக்கு வரலாம்.

2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த திருத்தத்தில் நரி முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை. தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

'நரிக்கொம்பு' உண்மையா?

நரிக்குக் கொம்பே கிடையாது. அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லி விற்கப்படுவது நரியின் எலும்பு, தோல், முடியை வைத்துச் செய்த போலி. அதை வாங்குவதும் சிக்கல்தான்.

நரியைப் பார்த்தால்?

துரத்த வேண்டாம், சாப்பாடு போட வேண்டாம், செல்போனில் ஊளைச் சத்தம் போட்டுக் கூப்பிடவும் வேண்டாம். பகலில் பயமில்லாமல் மனிதரை நெருங்கி வந்தால் ரேபிஸ் பாதிப்பாக இருக்கலாம். விலகி நின்று வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்க. கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கணும்.