புரண்டு படுக்க ஒரு குழாய்

இடுப்புவலி கண்டவள் ஓரிடத்தில் கிடக்க மாட்டாள். எழுவாள், புரளுவாள், கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிவாள். முதுகு ஊசியால் பிரசவ வலியைத் தணிக்க வந்தவர்களைத் திணறடித்தது இந்தப் புரளல்தான்.

தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் எபிடியூரல் முறையை 1921இல் எழுதிவைத்தவர் ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடல் பகேஸ். ஒரு தடவை போடும் ஊசி அது. பிரசவம் முடிவதற்குள் வீரியம் தீர்ந்துவிடும். 1940இல் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் லெம்மன், அறுவைக்காக, வளைந்துகொடுக்கும் உலோக ஊசியைத் தண்டுவடத் திரவத்திலேயே விட்டுவைத்தார். ஊசியோடு மல்லாந்து படுப்பது எப்படி? மெத்தையில் இடைவெளி விட்டார்! மரத்துப்போய் அசையாமல் கிடக்கும் நோயாளிக்குச் சரி. 1942இல் ஹிங்சனும் எட்வர்ட்ஸும் அதே மாதிரி ஊசியை வாலெலும்புப் பக்கம் வைத்துப் பிரசவ வலியைத் தணித்தார்கள். ஆனாலும் உள்ளே இருப்பது உலோகம்; நகரும், முறியவும் கூடும்.

வழி பிறந்தது ஒரு பல் மருத்துவரால். சியாட்டிலின் ரால்ஃப் ஹூபர், குத்தும்போது வலி குறையட்டும் என்று ஊசி முனையைச் சற்று வளைத்தார். அந்த முனை வழியாக மெல்லிய குழாயைப் பக்கவாட்டில் திருப்பி நுழைக்கலாம் என்று கண்டவர் எட்வர்ட் டூஹி. அவரும் அதைத் தண்டுவடத் திரவத்துக்குள்தான் விட்டார். அமெரிக்காவில் அதை நேரில் பார்த்துவிட்டு ஹவானா திரும்பிய மார்டினெஸ் கர்பெலோ, 1947இல் உறைக்கு வெளியே குழாயை நிறுத்தினார். ஊசியை உருவிவிடலாம்; குழாய் மட்டும் முதுகில் தங்கும். இனி தாய் புரளலாம்.

புரண்டால் வரும் சிக்கல்களும் கூடவே வந்தன. குழாய் போட முதுகை வில்லாக வளைத்து உட்காரச் சொல்வார்கள், எலும்புகளின் இடுக்கு விரிய. அந்த நிலையிலேயே பிளாஸ்திரி ஒட்டிவிட்டால், அவள் நிமிர்ந்து படுக்கும்போது குழாய் வெளியே இழுபட்டு, மருந்து சேராமல் போகும். உடல் பருத்தவர்களுக்கு இது அதிகம். நிமிர்ந்த பிறகு ஒட்டுவது நல்லது.

மல்லாந்து படுத்தாலோ கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். எபிடியூரல் போட்டவளுக்கு ரத்த அழுத்தம் இன்னும் சரியும். ஒரு பக்கம் மட்டும் மரத்தால், வலிக்கும் பக்கம் கீழே வரும்படி ஒருக்களிக்கச் சொல்வார்கள். அது ஓரளவுக்குத்தான் உதவும் என்பேன். குழாயின் நுனி எங்கே போய் நிற்கிறது என்பதே பெரிது.

முக்கும் கட்டத்தில் நிமிர்ந்திருந்தால் நல்லது என்றே பலரும் நம்பினார்கள். பிரிட்டனில், எபிடியூரல் போட்ட முதல் பிரசவப் பெண்கள் 3,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. கருவியோ சிசேரியனோ இல்லாமல் இயல்பாகப் பெற்றவர்கள், நிமிர்ந்திருந்தவர்களில் 35 சதவீதம். ஒருக்களித்துப் படுத்தவர்களில் 41.