வெங்கர் போகணுமா, இருக்கணுமா? ஒரே கிளப், ரெண்டு விமானம்

இன்னைக்குக் கதை வானத்துல ஆரம்பிக்குது.

2017 மார்ச் 18. இங்கிலாந்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் மைதானம். ஆர்சனல் ஆடிக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு சின்ன விமானம் பேனர் ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது. 'புது கான்ட்ராக்ட் கிடையாது, வெங்கர் அவுட்' என்பதுதான் அதன் சாரம். அதே மேட்சில் இன்னொரு விமானமும் வந்தது. அதன் பேனர் ஆர்சென் வெங்கர் மேல நம்பிக்கை இருக்கு, அவருக்கு மரியாதை கொடுங்கன்னு சொன்னது. ரெண்டையும் பறக்கவிட்டவங்க ஒரே கிளப்போட ரசிகர்கள். கீழே அந்த கிளப் 3-1 என்று தோற்றுப்போனது.

அப்போ நான் இன்ஜினியரிங் படிச்சுட்டிருந்தேன். ஹாஸ்டல் காமன் ரூமில் ஒரே ஒரு டிவி. நான் 'அவுட்' கட்சி, என் ரூம்மேட் 'இன்' கட்சி. லண்டன் எந்தப் பக்கம் இருக்குன்னு கூட சரியாத் தெரியாத ரெண்டு பேர், ஒரு பிரெஞ்சுக்காரரோட வேலைக்காக ஒரு வாரம் பேசிக்காம இருந்தோம். இத்தனை வருஷம் கழிச்சு யோசிச்சா, ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனா வேற வேற வருஷத்துக்குச் சரி. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல, இவர் யார்? வெங்கர் 1996 அக்டோபரில் ஆர்சனலுக்கு வந்தார். அதற்கு முன் ஜப்பானில் நகோயா கிராம்பஸ் எய்ட் அணியில் இருந்தவர், பொருளாதாரம் படித்தவர். லண்டன் பத்திரிகை ஒன்று 'ஆர்சென் யாரு?' என்கிற மாதிரி தலைப்பே போட்டது. வந்தவர் வீரர்களின் சாப்பாட்டில் கை வைத்தார், பயிற்சி முறையை மாற்றினார். 1998-லும் 2002-லும் லீக், எஃப்ஏ கோப்பை ரெண்டையும் ஒரே சீசனில் ஜெயித்தார். 2003-04 சீசனில் 38 லீக் மேட்ச்: 26 வெற்றி, 12 டிரா, தோல்வி பூஜ்யம். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அதற்கு முன் இப்படி நடந்தது 1888-89-ல், பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்கு. அவங்க ஆடினது வெறும் 22 மேட்ச்.

இப்போ கடன் கதைக்கு வருவோம். ஆர்சனலின் பழைய மைதானம் ஹைபரி, சுமார் 38,000 பேர் உட்காரலாம். பெரிய கிளப்களோடு போட்டி போட டிக்கெட் வருமானம் பத்தவில்லை. அதனால் 60,000 பேர் உட்காரும் எமிரேட்ஸ் ஸ்டேடியத்தைக் கட்டி 2006-ல் குடிபோனார்கள். செலவு சுமார் 390 மில்லியன் பவுண்டு. நம்ம வீடுகளில் ஹோம் லோன் வாங்கினால் என்ன நடக்கும்? கொஞ்ச வருஷத்துக்கு தீபாவளித் துணியிலேயே கணக்குப் பார்ப்பாங்க இல்லையா, அதேதான் அங்கேயும்.

ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க அப்படி இல்லை. 2003-ல் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார். 2008-ல் அபுதாபி பணம் மான்செஸ்டர் சிட்டிக்குள் வந்தது. ஆர்சனலோ தன் நல்ல வீரர்களை விற்றுக்கொண்டே இருந்தது. 2007-ல் ஆன்ரி, 2011-ல் ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும், 2012-ல் வான் பெர்சி. அவர் போனது மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, அடுத்த வருஷமே லீக் ஜெயித்தார். 2011 ஆகஸ்டில் அதே யுனைடெட்டிடம் 8-2 என்று தோல்வி. 2005-க்கு அப்புறம் 9 வருஷம் ஒரு கோப்பை கூட கிடையாது.

'அவுட்' குரல் பலமாக வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். அந்தக் கோபம் எனக்குப் புரியுது. ஆனா கணக்கைப் பாருங்க. விற்பதை விற்று, கடனைக் கட்டி, ஒவ்வொரு வருஷமும் முதல் நாலு இடத்துக்குள் வந்தார். அந்த இடம் கிடைத்தால்தான் சாம்பியன்ஸ் லீக் பணம் வரும். 1997-ல் தொடங்கி 2016 வரை தொடர்ந்து 20 சீசன் இது நடந்தது. முதல் நாலு இடமும் கோப்பை மாதிரிதான்னு அவர் சொன்னப்போ உலகமே சிரிச்சுது. நானும் மீம் போட்டேன். ஆனா அந்த வருஷங்களில் அவரை அனுப்பியிருந்தால், அந்தப் பட்ஜெட்டில் யார் இதைச் செய்திருப்பாங்க? அந்தக் கேள்விக்கு எங்க கட்சிகிட்ட பதில் இல்லை. அதுவரைக்கும் என் ரூம்மேட் சொன்னதுதான் சரி.

2013-க்கு அப்புறம் கதை மாறுது. ஓசிலை 42.5 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள், அடுத்த வருஷம் சான்செஸ் வந்தார். 2014-லும் 2015-லும் எஃப்ஏ கோப்பை வந்தது. பணம் இல்லைங்கற காரணம் மெல்ல மறைஞ்சுது.

அப்புறம் 2015-16. செல்சி, யுனைடெட், சிட்டி எல்லாருமே தடுமாறின வருஷம். ஆர்சனலுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. லீக் ஜெயித்தது யார்? சீசன் தொடக்கத்தில் 5,000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கி வைத்த லெஸ்டர் சிட்டி. கொடுமை என்னன்னா, லெஸ்டர் அந்த வருஷம் லீக்கில் மொத்தமே 3 மேட்ச்தான் தோத்தாங்க. அதில் ரெண்டு ஆர்சனல்கிட்ட. அப்படியும் ஆர்சனல் 10 புள்ளி பின்தங்கி ரெண்டாவது இடம். 2016 ஏப்ரல் 30, நார்விச்சுக்கு எதிரான மேட்சில் 'மாற்றத்துக்கு நேரம் வந்தாச்சு' என்கிற அட்டைகளை ஒரு பகுதி ரசிகர்கள் தூக்கிப் பிடித்தார்கள். பதிலுக்கு இன்னொரு பகுதி வெங்கர் பெயரைப் பாடியது.

'இன்' கட்சியின் பெரிய ஆயுதம் அலெக்ஸ் ஃபெர்குசன். 1989 டிசம்பரில், மூணு வருஷமா சாக்குதான் சொல்றீங்க, கிளம்புங்கன்னு ஓல்ட் டிராஃபோர்டிலேயே ஒரு ரசிகர் பேனர் பிடித்தார். கிளப் அவரை அனுப்பவில்லை. அடுத்த மே மாதம் எஃப்ஏ கோப்பை, அதுக்கப்புறம் 13 லீக் பட்டங்கள். அவர் 2013-ல் ஓய்வு பெற்றதும் 6 வருஷ கான்ட்ராக்டில் வந்த டேவிட் மோயஸ் 10 மாசத்தில் வெளியே. 'பார்த்தியா, அனுப்பினா இதுதான் கதி'ன்னு என் ரூம்மேட் நூறு தடவை சொல்லியிருப்பான்.

ஆனா அந்த உதாரணத்தில் ஒரு ஓட்டை இருக்கு. 1989-ல் ஃபெர்குசன் வந்து மூணு வருஷம்தான் ஆச்சு, கட்டிக்கொண்டிருந்தவர். 2017-ல் வெங்கர் வந்து இருபது வருஷம் தாண்டியாச்சு. பொறுமை ரெண்டுக்கும் ஒண்ணு கிடையாது. 2011-ல் சரியா இருந்த வாதத்தையே 'இன்' கட்சி 2017-லும் சொல்லிட்டிருந்தது. 2011-லேயே தப்பா சொன்ன நாங்க, 2017-ல் 'அப்பவே சொன்னோமே'ன்னு மார்தட்டினோம். தேதி மாறினதை ரெண்டு பேருமே கவனிக்கலை.

2017 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பேயர்ன் மியூனிக். முதல் மேட்ச் 5-1, ரெண்டாவதும் 5-1, மொத்தம் 10-2. நம்ம ஊர் நேரம் ராத்திரி 1:15-க்கு ஆரம்பிச்ச அந்த ரெண்டாவது மேட்சை முழுசாப் பார்த்தோம். முடிஞ்சப்போ ஜெயிச்சவன் மாதிரி நான் மேசையில் தாளம் போட்டேன். என் டீம் தோத்ததுக்கு நானே தாளம் போட்டேன். அதை நினைச்சா இன்னைக்கும் கூசுது.

மே மாதம் செல்சியை 2-1 என்று வென்று எஃப்ஏ கோப்பை வாங்கினார், அவருக்கு ஏழாவது. சில நாளில் ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். ஆனா அடுத்த சீசனில் கத்தலை விட மோசமான ஒன்று வந்தது. டிக்கெட் வாங்கினவங்களே மேட்சுக்கு வரலை. காலி சீட்டுக்குப் பதில் சொல்ல எந்த மேனேஜராலும் முடியாது. 2018 ஏப்ரல் 20-ல் விலகல் அறிவிப்பு வந்தது.

மே 6, எமிரேட்ஸில் அவரது கடைசி மேட்ச். பர்ன்லிக்கு எதிராக 5-0. 'மெர்சி ஆர்சென்' என்று அச்சடித்த சிவப்பு டிஷர்ட்டோடு ஸ்டேடியமே எழுந்து நின்றது. முந்தின நாள்தான் ஃபெர்குசனுக்கு மூளையில் ரத்தக்கசிவு. மைக் கையில் வந்ததும் வெங்கர் முதலில் பேசியது தன்னைப் பற்றி இல்லை, பழைய எதிரி குணமாகணும் என்று.

அப்புறம் என்ன ஆச்சு? அடுத்து வந்த உனாய் எமெரிக்குக் கொடுத்த பதவியின் பெயரே 'மேனேஜர்' இல்லை, 'ஹெட் கோச்'. 22 வருஷமா ஒருத்தர் தலையில் இருந்த வேலையைப் பிரிச்சுப் பார்க்கணும்ங்கறது கிளப்புக்கு ரொம்பத் தாமதமாத்தான் புரிஞ்சுது. எங்க வேலையிலும் இது உண்டு. ஒரே ஆள் எழுதின பழைய கோட், டாக்குமென்ட் கிடையாது, அவருக்கு மட்டும்தான் புரியும். அவர் இருக்கும்போது தொட பயம், அவர் போனப்புறம் இன்னும் பயம். எமெரி 2019 நவம்பரில் நீக்கப்பட்டார். ஆர்டெட்டா வந்தும் தொடர்ந்து ரெண்டு சீசன் எட்டாவது இடம். மறுபடி சாம்பியன்ஸ் லீக் ஆட 2023 வரை காத்திருந்தார்கள்.

அதனால 'போகணுமா, இருக்கணுமா' என்பதே பாதிக் கேள்விதான்னு இப்போ தோணுது. மீதிப் பாதி: அவர் போற நாளுக்காக கிளப் என்ன தயார் செய்தது? அதைக் கேட்க வேண்டிய இடம் டைரக்டர்கள் அறை. நாங்க எல்லாக் கோபத்தையும் டச்லைனில் நின்ற ஒரு மனுஷன் மேல கொட்டினோம். கிளப்போடு தன்னை முழுசா ஒண்ணாக்கிக்கொண்டதுதான் தன் தப்புன்னு வெங்கரே பின்னாளில் சொன்னார். அந்தத் தப்பு கிளப்புக்கு வசதியாத்தான் இருந்துச்சு.

2023-ல் எமிரேட்ஸ் வாசலில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தப் படத்தை என் பழைய ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். 'இப்பவாவது ஒத்துக்கறியா?'ன்னு கேட்டான். '2012 வரைக்கும் ஒத்துக்கறேன்'ன்னு போட்டேன். அதுக்கு இன்னும் பதில் வரலை.

உங்க டீமில், இல்ல உங்க ஆபீஸில், இப்படி ஒருத்தர் இருக்காரா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.