வசனமே இல்லாத ஒரு காட்சி... பிரிட்டன் சிறை விதியை அசைத்த நாடகம்!

ஒரு மேடை நாடகத்தால் சிறை விதியை மாற்ற முடியுமா? 1910-ல் பிரிட்டனில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. நாடகத்தின் பெயர் 'ஜஸ்டிஸ்', அதாவது நீதி. எழுதியவர், பின்னாளில் 1932-ல் நோபல் பரிசு பெற்ற ஜான் கால்ஸ்வொர்தி.

கதை என்ன?

வில்லியம் ஃபால்டர், வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளம் குமாஸ்தா. கணவனிடம் அடிவாங்கும் ஒரு பெண்ணைக் காப்பாற்றி அழைத்துப்போகப் பணம் வேண்டும். 9 பவுண்ட் செக்கை 90 எனத் திருத்துகிறான். மாட்டிக்கொள்கிறான். தண்டனை 3 ஆண்டு.

இதில் வில்லன் என்று யாருமே இல்லை. நீதிபதி, முதலாளி, சிறை அதிகாரி என எல்லாரும் விதிப்படிதான் நடக்கிறார்கள். ஆனாலும் ஒருவன் அழிகிறான். விதிப்படி நடந்துட்டா அது நீதி ஆகிடுமா என்பதுதான் நாடகம் எழுப்பும் கேள்வி.

அந்தக் காட்சி

அப்போது நீண்டகாலத் தண்டனை பெற்றவர்களை முதலில் பல மாதங்கள் தனி அறையில் அடைப்பார்கள். சிலருக்கு அது 9 மாதம் வரைகூடப் போகும். கால்ஸ்வொர்தி சிறைகளுக்கே நேரில் போய் கைதிகளிடம் பேசியவர். அங்கே கண்டதை ஒரு வார்த்தைகூட இல்லாத காட்சியாக்கினார். ஃபால்டர் அறைக்குள் அங்கும் இங்கும் நடக்கிறான். எங்கோ கதவு தட்டும் சத்தம். அது ஒவ்வொரு அறையாகப் பரவுகிறது. கடைசியில் அவனும் கதவில் மோதி அடிக்கிறான். திரை விழுகிறது.

என்ன மாறியது?

நாடகம் அரங்கேறிய அதே பிப்ரவரியில்தான் வின்ஸ்டன் சர்ச்சில் உள்துறை அமைச்சரானார். அவரும் நாடகத்தைப் பார்த்தார். அதே ஆண்டு தனிச்சிறைக் காலம் பெரும்பாலான கைதிகளுக்கு ஒரு மாதமாகவும், மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவர்களுக்கு 3 மாதமாகவும் குறைக்கப்பட்டது.

எல்லாம் நாடகத்தால்தானா?

இல்லை. சீர்திருத்தப் பேச்சு முன்பே தொடங்கிவிட்டது. கால்ஸ்வொர்தியே 1909-ல் முந்தைய உள்துறை அமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். ஆனால் கடிதத்தில் '9 மாதம்' என்பது வெறும் எண். மேடையில் அது ஒரு மனிதன்.

மாறாதது எது?

விடுதலையான ஃபால்டருக்கு ஒழுங்கான வேலை கிடைப்பதில்லை. மறுபடி கைதாகி, உயிரையே விடுகிறான். தனிச்சிறை நாட்களை ஒரே உத்தரவில் குறைக்க முடிந்தது. ஜெயிலுக்குப் போய்வந்தவரை ஊர் பார்க்கும் பார்வையைக் குறைக்க எந்த உத்தரவும் போதாது. நாடகத்தின் அந்தப் பாதி இன்னும் முடியவில்லை.